மேல்நோக்கி மட்டும் போகும் கணக்கு

புதுக்குடியிருப்பில் ஒரு முன்பள்ளிக்கு மலசலகூடம் கட்ட நாற்பது பை சீமெந்து வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடை கிட்டத்தான் இருக்கிறது. கடைக்காரர் தெரிந்தவர், விலையும் தெரிந்ததுதான். ஆனால் வெளிநாட்டு நிதியில் இயங்கும் தொண்டு நிறுவனம் ஒன்று அதை வாங்குவதென்றால் முதலில் கள உத்தியோகத்தர் கொள்வனவுக் கோரிக்கை எழுத வேண்டும். பிறகு மூன்று கடைகளில் கொட்டேசன். மூன்றையும் ஒப்பிட்ட ஒரு தாள், அதில் குழுவினரின் கையொப்பங்கள். அதன் பின் கொள்வனவுக் கட்டளை. சீமெந்து வந்து இறங்கியதும் பொருள் பெற்றுக்கொண்டதற்கான பத்திரம். கடைக்காரரின் பில், காசு கிடைத்ததற்கான பற்றுச்சீட்டு, தொகை 25,000 ரூபாவைத் தாண்டினால் அதில் 25 ரூபா முத்திரை. காசோலையின் போட்டோக்கொப்பி. எல்லாவற்றுக்கும் மேலே கொடுப்பனவு வவுச்சர். அதன் மூலையில் இது எந்த டோனரின் காசு, வரவுசெலவின் எந்தத் தலைப்பு என்று காட்டும் இலக்கம். சீமெந்துப் பையை இருவர் அரை மணியில் இறக்கிவிடுவார்கள். கோவை முடிய ஒரு கிழமை போகும்.

மூன்று கொட்டேசன் விதியை எழுதியவர் பல கடைகள் உள்ள ஊரில் இருந்தவர். சிற்றூரில் சீமெந்து விற்பது ஒரே கடையென்றால் மற்ற இரண்டு கொட்டேசனும் எங்கிருந்து வருகின்றன என்பது எழுதுவினைஞருக்குத் தெரியும். கடைக்காரருக்குத் தெரியும். கணக்காய்வுக்கு வருபவருக்கும் தெரியாமலில்லை. தாள் சரியாக இருந்தால் மேலே யாரும் கேள்வி கேட்பதில்லை.

நன்கொடை நிதி பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு முனைகளைத்தான் பார்க்கின்றன: கொடுத்த நாடு, பெற்ற குடும்பம். நடுவில் உள்ள மேசை கண்ணில் படுவதில்லை. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்துவிட்டுக் கணக்கு உதவியாளராகச் சேர்ந்த ஒரு பிள்ளை அந்த மேசையில் இருந்து, தமிழில் வந்த பற்றுச்சீட்டை ஆங்கில அறிக்கையாக்கி, சிங்களத்தில் வந்த சுற்றறிக்கைக்கும் பதில் தேடிக்கொண்டிருப்பார். வன்னியில் அந்த மேசையிலிருந்து போகும் ஒவ்வொரு தாளுக்கும் வாசகர் இருவர். ஒருவர் காசு எப்படிச் செலவானது என்று கேட்கும் நன்கொடையாளர். மற்றவர் காசை யார் தந்தது, என்னத்துக்குத் தந்தது என்று கேட்கும் அரசு. யாருடைய பெயரைச் சொல்லிக் காசு வந்ததோ, அந்தச் சனம் இந்தக் கோவையைத் திறந்து பார்ப்பதேயில்லை. வன்னியில் மானிய நிர்வாகத்தின் வரலாறு முழுவதையும் இந்தக் கோணத்தில் வாசிக்கலாம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது வாசகர் எவ்வளவு பொல்லாதவராக முடியும் என்பதற்கு வவுனியாவிலேயே பழைய உதாரணம் உண்டு. கட்டடக் கலைஞர் அருளானந்தம் டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் 1970களின் பிற்பகுதியில் கட்டியெழுப்பிய காந்தீயம் அமைப்பு, 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்களை வவுனியா, முல்லைத்தீவுப் பக்கக் காணிகளில் குடியமர்த்தியது. கிராமங்களில் முன்பள்ளிகளை நடத்தியது. ஹொலந்தின் நோவிப் போன்ற ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்களின் பணம் அதற்கு வந்தது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் தப்பி, மட்டக்களப்புச் சிறையுடைப்பில் வெளியேறி, நெடுங்காலம் இந்தியாவில் இருந்துவிட்டு 2015 ஒக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார். காந்தீயத்துக்குள் ஆயுத இயக்கத் தொடர்புடையோர் இருந்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அகதிக்குக் காடு வெட்டிக் காணி கொடுத்த கணக்கையும் ஆயுதக் கணக்கையும் ஒரே கோவையாக அரசு வாசித்ததே, அந்த வாசிப்பு அதன் பிறகு விட்டுப்போகவில்லை.

அதற்கான சட்டம் அப்போதே கையில் இருந்தது. தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவதற்கும் மேற்பார்வை செய்வதற்குமான 31 ஆம் இலக்கச் சட்டம் 1980 இல் வந்தது. 1990 இல் ஜனாதிபதி பிரேமதாச அரச சார்பற்ற நிறுவனங்களை விசாரிக்க ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். 1993 இறுதியில் அவற்றின் வரவையும் செலவையும் கண்காணிக்க அவசரகால ஒழுங்குவிதி பிறந்தது. 1998 திருத்தம், நிதி மோசடி என்று கருதினால் இடைக்கால நிர்வாக சபையையே நியமிக்க அமைச்சருக்கு வழிசெய்தது. இவற்றையெல்லாம் கவனிக்கும் தேசியச் செயலகம் எந்த அமைச்சின் கீழ் இருக்கிறது என்பதைப் பார்த்தே வன்னியில் அந்த வருடம் எப்படிப் போகும் என்று சொல்லிவிடலாம். போருக்குப் பின் அது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது, 2015 இல் வெளியே வந்தது, 2019 இறுதியில் திரும்பவும் அங்கேயே போனது. 2014 ஜூலையில், ஊடக மாநாடு, ஊடகவியலாளர் பயிற்சி, பத்திரிகை அறிக்கை எதிலும் தொண்டு நிறுவனங்கள் ஈடுபடக் கூடாது என்று கடிதம் அனுப்பியதும் இதே செயலகம்தான்.

2002 போர்நிறுத்தக் காலத்தில் நிலைமை இன்னும் விசித்திரம். ஏ9 வீதி திறந்து, கிளிநொச்சியில் தொண்டு நிறுவனப் பெயர்ப்பலகைகள் வரிசையாக முளைத்தன. வெளியிலிருந்து வரும் ஒரு லொறிச் சாமானுக்கு ஓமந்தையில் இராணுவச் சோதனை, புளியங்குளத்தில் புலிகளின் சோதனை. ஒரு திட்டத்துக்குக் கச்சேரியிலும் ஒரு கடிதம், புலிகளின் திட்டமிடல் அபிவிருத்திச் செயலகத்திலும் ஒரு கடிதம். இரண்டு ஆட்சிகளுக்கும் நடுவில் நின்று, ஒரே வேலைக்கு இரண்டு விதமாக அறிக்கை எழுதப் பழகிக்கொண்டது எங்கள் நிர்வாக உத்தியோகத்தர்கள்தான்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் முல்லைத்தீவைத் துடைத்துக்கொண்டு போன பிறகு காசுக்குக் குறைவிருக்கவில்லை. அந்தக் காசைப் பங்கிட 2005 ஜூன் 24 இல் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கை ஒப்பமானது. மூன்று வாரத்தில், ஜூலை 15 அன்று, உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. தடுக்கப்பட்டவை எவை என்று கவனியுங்கள்: பிராந்திய நிதியமும், கிளிநொச்சியில் அமையவிருந்த பிராந்தியக் குழுவின் அலுவலகமும். வீடு கட்டுவதை எவரும் எதிர்க்கவில்லை. கணக்குப் புத்தகம் எந்த ஊரில் இருப்பது என்பதில்தான் நாடு உடைந்தது. 2007 நவம்பரில், புலிகளுடன் தொடர்புடையது என்று கூறி, தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் சொத்துகளை அமெரிக்கா முடக்கியது, இலங்கை அதைத் தடைசெய்தது. அதுவரை வன்னியின் நிவாரணக் கூட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு கதிரை பிடித்திருந்த அமைப்பு அது. ஒரு கூட்டக் குறிப்பில் அந்தப் பெயர் இருப்பதே பாரமாகிப் போனது.

2008 செப்டெம்பரில் ஐ.நா.வும் சர்வதேச நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. 16 ஆம் திகதி ஐ.நா. வாகனங்கள் கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டன. புலிகளின் பாஸ் நடைமுறையால் உள்ளூர் ஊழியர் பலரும் அவர்கள் குடும்பங்களும் உள்ளேயே நின்றுவிட்டார்கள். நிதி ஒப்பந்தங்களில் ‘மீறமுடியாத சூழ்நிலை’ என்று ஒரு வாசகம் இருக்கும். வெள்ளம், போர் வந்தால் இரு தரப்பும் கடமையிலிருந்து விலகலாம் என்பது அதன் பொருள். அந்த வாசகத்தின் கீழ் விலகிப் போகும் வழி உள்ளூர் எழுதுவினைஞருக்கு எந்த ஒப்பந்தத்திலும் இருக்கவில்லை.

போர் முடிந்த அதே 2009 மே மாதம் பசில் ராஜபக்ச தலைமையில் வடமாகாணத்துக்கான ஜனாதிபதி செயலணி அமைந்தது. வன்னியில் ஒரு கிணறு இறைப்பதென்றாலும் அதன் அனுமதி வேண்டியிருந்தது. வீடு, வீதி, விதைநெல், நீரிறைக்கும் இயந்திரம் என்று கண்ணால் காணக்கூடியவை கடந்து போயின. உளசமூகப் பணி என்று எழுதியவை திரும்பி வந்தன. சாகாமல் மிஞ்சிய சனத்துக்கு அழ இடம் கொடுப்பது சந்தேகத்துக்குரிய செயலானது. முன்மொழிவு எழுதுவோர் சும்மா இருக்கவில்லை. தையல் பயிற்சி, கோழி வளர்ப்பு என்ற தலைப்புகளுக்குள் ஒரு வட்டமாக இருந்து கதைக்கும் நேரத்தை நுழைத்தார்கள். அறிக்கையில் அது குழுக்கூட்டம். பின்னாளில் அந்த வருடங்களின் திட்ட அறிக்கைகளை மட்டும் வைத்து வன்னியை ஆராய்பவர், இங்கே பெண்களுக்குக் கோழி மட்டுமே தேவைப்பட்டது என்று முடிவு கட்டிவிடக்கூடும். ஆவணங்களை நம்பும் ஆய்வாளர்கள் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

தாள் வேலையின் முழு உருவமும் தெரிந்தது வீடமைப்பில். இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதி 2012 ஒக்டோபரில் தொடங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் பயனாளியே கட்டிக்கொள்ளும் முறை. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே பணம் போகும். ஒப்பந்தகாரர் கட்டிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஊழல் குறைவு, வீடும் அவரவர் வசதிக்கு அமையும். ஆனால் இந்த முறை நிர்வாகத்தின் தோளில் ஏறியே நடக்கிறது. அத்திவாரம் முடிந்ததா, சுவர் எழும்பியதா, கூரை ஏறியதா என்று ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்து, படம் எடுத்து, சான்று எழுதினால்தான் அடுத்த தவணை விடும். மழை தொடங்கிவிட்டால், கூரைக் காசு இரண்டு கிழமை பிந்துவது சுவர் கரைவதற்குப் போதும்.

அதற்கும் முன்னால் ஆளுக்கொரு கோவை திறக்க வேண்டும். அடையாள அட்டை, காணி அனுமதிப்பத்திரம், குடும்ப அட்டை, கிராம அலுவலரின் கடிதம், வங்கிப் புத்தகம். நந்திக்கடலைக் கழுத்தளவு தண்ணீரில் கடந்து, மெனிக் பாம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்து வந்த சனத்திடம் கேட்ட பட்டியல் இது. சிலர் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். பலரிடம் எதுவும் இல்லை. பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேடும் போரில் தப்பவில்லை என்றால், பக்கத்துக் காணிக்காரர் இருவரின் சாட்சியே உறுதி. பெயர் இன்னொரு தலையிடி. அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் ஓர் எழுத்துக் கூடவும் இருந்தால் பணம் திரும்பிவிடும். சமாதான நீதவானிடம் போய், இந்த இரண்டு பெயரும் நான் ஒருத்திதான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். அந்தப் பேருந்துச் செலவு எந்தத் திட்டத்தின் வரவுசெலவிலும் இல்லை.

படிவத்தில் குடும்பத் தலைவரின் நிலை என்று ஒரு கட்டம் இருக்கும். கணவர் இருக்கிறார், இறந்துவிட்டார், பிரிந்துவிட்டார். 2009 மே மாதம் வட்டுவாகலில் பிள்ளையையோ புருஷனையோ இராணுவத்திடம் கையளித்துவிட்டு வந்த பெண் இதில் எதில் சரி போடுவாள்? 2010 இல் வந்த தற்காலிகச் சட்டம் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழிவிட்டது. இறந்துவிட்டார் என்று எழுதினால் தேடுவதற்கு உரிமை போய்விடும் என்று பலர் மறுத்தார்கள். மறுத்தால் பயனாளித் தெரிவில் விதவைக்குரிய புள்ளி இல்லை. காணாமற்போயிருக்கிறார் என்பதையே சான்றாகக் கொடுக்கும் திருத்தம் 2016 இல்தான் சட்டமானது. அடுத்த வருடம் பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் தொடர் போராட்டத்துக்குக் குந்தியபோது, தொண்டு நிறுவன மேசைகளில் இந்தக் கட்டத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திராது. மூன்று கட்டத்தின் ஓரத்தில் பேனையால் நாலாவது ஒன்று கீறி ‘தேடுகிறோம்’ என்று எழுதி அனுப்பிய உத்தியோகத்தரை நான் மதிக்கிறேன். கணினிப் பதிவுக்குப் போனபோது அந்த நாலாவது கட்டம் விழுந்துவிட்டது என்பது வேறு கதை.

இவ்வளவையும் செய்பவருக்குக் கொடுப்பதை வரவுசெலவுத் திட்டத்தில் நிர்வாகச் செலவு என்று போடுவார்கள். அது குறைந்த நிறுவனம் நல்ல நிறுவனம் என்பது பொது நம்பிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியங்களில் மறைமுகச் செலவுக்கு வழமையான உச்சம் 7 வீதம். தனியாகப் பேரம்பேசிய விகிதம் இல்லாத நிறுவனங்களுக்கு அமெரிக்கா 10 வீதம் கொடுத்துவந்தது, 2024 ஒக்டோபரில் அதை 15 ஆக்கியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காசு நேரே வவுனியாவுக்கு வருவதில்லை. ஐரோப்பியத் தலைமையகம், அங்கிருந்து கொழும்பு அலுவலகம், அங்கிருந்து உள்ளூர் நிறுவனம். மறைமுகச் செலவு மேல்படியிலேயே நின்றுவிடும், வவுச்சர் மட்டும் கீழ்ப்படியில் தயாராகும். 2016 மே மாதம் இஸ்தான்புல் மாநாட்டில், 2020 க்குள் மனிதாபிமான நிதியில் 25 வீதத்தை உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகக் கொடுப்போம் என்று பெரிய கொடையாளர்கள் கையொப்பமிட்டார்கள். அந்த இலக்கை உலகம் எட்டவில்லை.

பணிக்கொடை விஷயம் இன்னும் கொடுமை. இலங்கைச் சட்டப்படி முதலாளி சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். டோனர்கள் இதைப் பெரும்பாலும் ஏற்பார்கள். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக உரியது. திட்டங்களோ பன்னிரண்டு மாதம், பதினெட்டு மாதம். ஒரே மேசையில், ஒரே கதிரையில், நாலு டோனர்களின் எட்டுத் திட்டங்களில் ஒன்பது வருடம் இருந்தவரின் பணிக்கொடையை எந்த டோனரின் தலைப்பில் போடுவது? ஒவ்வொருவரும் எங்கள் காலத்துக்குள் ஐந்து வருடம் இல்லையே என்பார்கள். இதற்கும் மேல், வரும் மானியத்தில் 3 வீதத்தை வருமானமாகக் கருதி வரி கேட்கும் இறைவரிச் சட்டம் ஒன்றுண்டு. இடம்பெயர்ந்தோருக்கான புனர்வாழ்வு என்று விலக்குக் கேட்கலாம், கேட்பதற்கும் தாள்தான்.

2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டபோது டொலர் 200 இலிருந்து இரண்டு மாதத்தில் 360 வரை போனது. யூரோவிலும் டொலரிலும் மானியம் வாங்கியவர்களின் கணக்கில் திடீரென்று ரூபா பொங்கியது. சீமெந்தும் டீசலும் அதைவிட வேகமாக ஓடின. வரவுசெலவு ரூபாவில் ஒப்பமாகியிருந்தால் நாணய லாபம் டோனருடையது, விலையேற்றம் உங்களுடையது. திருத்திய வரவுசெலவு அனுப்பி அனுமதி வருவதற்குள் அந்த விலையும் பழையதாகிவிடும்.

புலம்பெயர்ந்தோர் அனுப்பும் காசுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று சொல்வார்கள். பழைய மாணவர் சங்கம், ஊர் ஒன்றியம். லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு விருந்து வைத்துச் சேர்த்த காசு. வட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டால் கணக்கு முடிந்தது. அன்பான காசுதான். ஆனால் 2014 இல் அரசு 16 அமைப்புகளையும் 424 ஆட்களையும் தடைப்பட்டியலில் போட்டது, 2015 இல் சிலவற்றை எடுத்தது, 2021 இல் திரும்பவும் சேர்த்தது. தனியார் ஒருவரின் வங்கிக் கணக்குக்கு வந்த காசைக் கிணறு கட்டக் கொடுத்தவர், அனுப்பியவர் யாரென்று சொல்லப் பயங்கரவாத விசாரணைப் பிரிவின் படி ஏற வேண்டி வரலாம். அப்போது காப்பாற்றக்கூடியது அந்த அலுப்பான வவுச்சர் ஒன்றுதான். தாளைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரி என்று வாதிடுவோரிடம் நான் சேராததற்கு இதுவே காரணம்.

என் குறை வேறு. வன்னிக் கிராமத்தில் கோயில் திருவிழாக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வாசிப்பார்கள். மாலைக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று ஒருவர் எழும்பிக் கேட்பார், பொருளாளர் வியர்க்க வியர்க்கப் பதில் சொல்வார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் வருடாந்தக் கூட்டத்தில் அதைத்தான் செய்கிறது. கணக்குக் கேட்கத் தெரியாத சனம் இல்லை இது. அதே கிராமத்தில் ஒரு கோடி ரூபாத் திட்டம் முடிந்தால் பெயர்ப்பலகை ஒன்று நடுவார்கள். அதில் டோனரின் இலச்சினை இருக்கும், சில இடங்களில் மொத்தத் தொகையும் இருக்கும். எவ்வளவு கொழும்பில் நின்றது, எவ்வளவு வாகனத்துக்குப் போனது, எவ்வளவு இந்த மண்ணில் இறங்கியது என்பது இருக்காது. அந்த விபரம் முழுவதும் வவுனியா அலுவலகத்து அலுமாரியில், காலாண்டு வாரியாக, கணக்காய்வாளரின் கையொப்பத்தோடு இருக்கிறது. ஒரு பின்னேரத்தில் தமிழில் வாசித்துவிடலாம். வாசிக்கச் சொல்லி எந்த ஒப்பந்தமும் கேட்டு நான் கண்டதில்லை. வாசித்தால் நிர்வாகச் செலவு ஏன் தேவை என்பதும் சனத்துக்கு விளங்கும், எது வீண் என்பதும் விளங்கும்.

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. கண்ணிவெடி அகற்றலுக்கான நிதியும் அந்த உத்தரவில் அகப்பட்டது. கிளிநொச்சி மாவட்டத்து முகமாலை உலகின் செறிவான கண்ணிவெடி வயல்களில் ஒன்றாக இருந்த இடம். வன்னியில் நெடுங்காலம் அந்த வேலைக்குக் காசு கொடுத்த நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. 2017 இறுதியில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்த இலங்கை, 2028 ஜூனுக்குள் நிலத்தைத் துப்புரவாக்க வேண்டும். வேலையை நிறுத்து என்ற கடிதம் வந்தால் வெடி தேடுபவரின் கை அன்றே நிற்கும். அதன் பிறகுதான் மேசைக்கு வேலை கூடும்: எதுவரை தேடியது, எது மிச்சம் என்ற வரைபடம், நிலுவைச் சம்பளம், இறுதி நிதி அறிக்கை, சொத்துப் பட்டியல். அமெரிக்க விதிப்படி இறுதி அறிக்கைக்குப் பின் மூன்று வருடம் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் ஐந்து வருடம் கேட்கிறது. கணக்கு உதவியாளரின் நியமனக் கடிதம் திட்டத்தோடு முடிகிறது. அலுமாரி நிற்கும் அறையின் வாடகைக்கும், கணக்காய்வாளர் திரும்பி வந்தால் அந்தக் கோவையைத் தேடி எடுத்துக் கொடுப்பவரின் நாட்கூலிக்கும் வரவுசெலவில் தலைப்புக் கிடையாது.